செக்ஹோய்க்கு விங்புய் என்ன முறை

யிம் செக்ஹோய் தன் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை முதன்முதலாக ஒரு மனிதர்மேல் ஓங்கியது, அந்த மனிதர் திட்டியதற்காக அல்ல. ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்காக. எங்கள் மேற்குத் துறைத் தெருவில் திட்டு வாங்கியவன் திருப்பி இரண்டு திட்டிவிட்டுப் போய்விடுவான், அதோடு சரி. முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவன் கூப்பிடாமல் கடந்து போனால்தான் ரத்தம் வரும்.

நான் அப்போது ஹாங்காங் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். குடியிருந்தது அதே தெருவில், உப்புமீன் கடைக்கு எதிர்மாடியில். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்த வெட்டுக்குத்தை மறுநாள் கோர்ட்டில் ஒன்றும் தெரியாதவன்போல வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொல்வேன். தெருக்காரர்கள் என்னை வாத்தியாரே என்பார்கள். நான் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பார்த்தால் ஏதாவது முறை வைத்துக் கூப்பிட்டாக வேண்டுமே.

எங்களுக்கு வணக்கம் என்பதே அதுதான். கைகூப்புவது, குனிவது எல்லாம் விசேஷ நாட்களுக்கு. தெருவில் ஆளைப் பார்த்ததும் 'மூணாவது மாமா' என்றோ 'அண்ணி' என்றோ கூப்பிட வேண்டும். கூப்பிட்டவுடன் யார் மேலே, யார் கீழே என்பது எல்லோர் காதிலும் விழுந்துவிடும். சின்னவன்தான் முதலில் கூப்பிட வேண்டும். பெரியவன் 'ம்' என்றால் போதும். அந்த 'ம்' கேட்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு, எடுத்தவர்களும் உண்டு.

செக்ஹோய் அரிசி மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. குட்டையான ஆள், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோளிலிருந்து நேரே தலை. பேச்சு குறைவு. தகராறு என்றால் முதலில் பல்லை உபயோகிப்பார், பிறகுதான் கையை. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு காவல்காரனின் காதைக் கடித்துத் துப்பினார் என்றும், அதற்குப் பிறகு கடலில் குதித்து மூன்று தீவு தள்ளிக் கரையேறினார் என்றும் சொல்வார்கள். கேட்டால், "காது ரொம்பக் கெட்டி" என்பார்.

விங்புய் அவருக்குச் சித்தப்பா. செக்ஹோயின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் அந்தச் சித்தப்பா பிறந்தபோது இந்த மகன் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் குலக்கோயில் முற்றத்தில் செக்ஹோய் குனிந்து "சித்தப்பா" என்பார். நேற்று மீசை முளைத்த விங்புய் "ம்" என்பார். யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை.

ஜப்பான்காரன் சண்டை ஓய்ந்த பிறகு விங்புய் வயிறு ஒட்டிப்போய் ஹாங்காங் வந்தார். செக்ஹோய்தான் சோறு போட்டுத் துறையில் சேர்த்துக்கொண்டார். துறையில் சேர்வதென்றால் சத்தியம் செய்ய வேண்டும்: சிவந்த முகக் குவான் தெய்வத்தின் முன்னால் மண்டியிட்டு, சேவல் ரத்தம் கலந்த மதுவைக் குடித்து, மேஸ்திரியை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். விங்புய் குடித்தார், கூப்பிட்டார். செக்ஹோய் "ம்" என்றார். ஊரில் சித்தப்பா, துறையில் அண்ணன். இரண்டுக்கும் நடுவில் கடல் இருந்ததால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு சீன எல்லையை மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக வழியில்லை. யிம் வம்சத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, உப்புமீன் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, முன்னோர் பெயர்ப்பலகைகளை வைத்துக் குலமன்றம் திறந்தார்கள். நல்ல காரியம் என்று எல்லோரும் பட்டாசு வெடித்தோம். ஊர் மாடியிலும் துறை கீழேயுமாக ஆகிவிட்டது என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. நடுவில் கடலுக்குப் பதில் இப்போது ஒரு மரப்படிக்கட்டு.

முன்னோர் கல்லறைகளுக்குப் படைக்கும் திருநாளில் மாடியில் பூசை. செக்ஹோய் முன்னோரைக் கும்பிட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் "சித்தப்பா" என்று கூப்பிட்டு, பன்றியின் மொறுமொறுத் தோல் துண்டை இரண்டு கையாலும் விங்புய்க்கு நீட்டினார். விங்புய் "ம்" என்று வாங்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். கீழே மூட்டைக்காரர்கள் நின்றிருந்தார்கள். செக்ஹோய் தெருவில் கால் வைத்ததும் திரும்பி நின்று காத்திருந்தார். விங்புய் உதட்டு எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றார் செக்ஹோய்.

"உனக்கு என்ன வேணும்?"

"மேல நான் கூப்பிட்டேன்ல. கீழ நீ கூப்பிடு."

"மேல சித்தப்பனா இருந்தவன் படி இறங்கினதும் தம்பியாயிடுவானா? எந்தப் படியில மாறினேன், காட்டு."

"சேவல் ரத்தம் குடிச்ச வாய்டா அது."

"தாய்ப்பால் குடிச்சதும் இதே வாய்தான். எது முந்தி?"

நல்ல கேள்வி. கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் செக்ஹோய் கொக்கியை ஓங்கினார். விங்புய் உயரமானவர், நீளக் கைகாரர். ஓங்கிய கையைப் பிடித்து, உப்புமீன் கடையின் இரும்பு மடக்குக் கதவுக்குள் திணித்து, கதவை உதைத்து மூடினார். நான் ஜன்னலில் இருந்தேன். முதலில் கேட்டது இரும்புச் சத்தம்; அதற்குள்ளே விறகு ஒடிவதுபோல் இன்னொன்று. செக்ஹோய் கத்தவில்லை. இடது கையால் விங்புய்யின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, அவர் கன்னத்தில் பல் பதித்தார். பிரிப்பதற்குக் கடைக்காரர் மீன் கழுவிய தண்ணீரை வாளி வாளியாக ஊற்ற வேண்டியிருந்தது.

எலும்பு வைத்தியர் வலது கையை ஒட்டவைத்தார். ஒட்டியது, ஆனால் எது எதோடு ஒட்ட வேண்டுமோ அதோடு அல்ல. மூட்டை பிடிக்க முடிந்தது. யாராவது அழுத்தினால் மட்டும் முகம் சுண்ணாம்பாகிவிடும்.

பாதி ஆட்கள் விங்புய்யோடு பிரிந்து பக்கத்துத் துறைக்குப் போனார்கள். ஆனால் இரண்டு துறைக்கும் வழி ஒரே தெருதான். நடுவில் கஞ்சிக்கடை. கடைக்காரி யுன்ஹோ, விங்புய்யின் மனைவி. தினமும் காலையில் ஒரு கூட்டம் கிழக்கிலிருந்தும் ஒரு கூட்டம் மேற்கிலிருந்தும் வந்து அவள் அடுப்புக்கு முன்னால் எதிர்ப்படும். செக்ஹோய் நிற்பார், விங்புய் நிற்பார். யார் கூப்பிடுவது? இருவரும் கூப்பிடமாட்டார்கள். பின்னால் நிற்பவர்களில் ஒருவன் காறித் துப்புவான். அப்புறம் தோளில் சுமை தொங்கவிடும் கா கம்புகள், கொக்கிகள், யுன்ஹோவின் முக்காலிகள். ஒருவனுக்குக் கன்னத்தில் நுழைந்த கொக்கி வாய் வழியாக வெளியே வந்தது. அவன் அதோடு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒருவனுக்குக் கண் போனது. யுன்ஹோ ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் கஞ்சிக் கிண்ணங்களை எண்ணி உள்ளே வைத்துவிட்டு, "ஆரம்பிங்க, ராசாக்களா" என்பாள்.

செக்ஹோயைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் கார்ட்ரைட் பொறுமையான மனிதர்.

"இவர் எதற்காக அடித்தார்?"

"கூப்பிடாததால், யுவர் ஆனர்."

"எதற்காகக் கூப்பிட வேண்டும்?"

செக்ஹோயிடம் கேட்டுச் சொன்னேன். "எதற்கும் இல்லையாம். சும்மா கூப்பிட வேண்டுமாம்."

"சும்மா கூப்பிட்டால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது, யுவர் ஆனர். கூப்பிடாவிட்டால்தான் ஆகும்."

கார்ட்ரைட் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தைக்காக மனிதன் மனிதனின் மண்டையைப் பிளப்பது காட்டுமிராண்டித்தனம் என்று நிதானமாக எடுத்துச் சொல்லி, சிறைத்தண்டனை விதித்தார். நான் மொழிபெயர்த்தேன். இதே கார்ட்ரைட் தினமும் மலை டிராமில் ஒரே பெஞ்சில் ஒரு மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஆண்டுக்கணக்காக இருவரும் பேசியதில்லை. யாரும் முறைப்படி அறிமுகம் செய்துவைக்கவில்லை என்பதுதான் காரணம். ஒருநாள் அந்த மனிதரின் தொப்பி காற்றில் பறந்தது. கார்ட்ரைட் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மண்டை எதுவும் உடையவில்லை என்பது உண்மைதான்.

துறைக் கம்பெனியில் மேற்பார்வைக்கு ஹென்ஷா என்று ஒரு வெள்ளைக்காரர். செம்பட்டை முடி, பெரிய பூட்ஸ். காலையில் எதிரில் வரும் எல்லாவற்றுக்கும் "குட் மார்னிங்" சொல்வார். மூட்டைக்காரர்களுக்கு இது விளங்கவே இல்லை.

"எதுக்குய்யா இந்த ஆளு தினமும் பொழுத அறிவிக்கிறான்? நமக்குக் கண்ணு இல்லையா?"

"நமக்கு மட்டுமா? நேத்து கிரேனுக்குச் சொன்னான், நான் பாத்தேன்."

"கிரேன் என்ன சொல்லிச்சு?"

"உன்ன மாதிரிதான். பேசாம நின்னுச்சு."

ஹென்ஷாவுக்கும் மனக்குறை இருந்தது. "துறையில் காலெடுத்து வைத்தால் ஆளாளுக்கு 'எங்கே போறீங்க, எங்கே போறீங்க' என்று கேட்கிறார்களே, யார் இவர்களை என்னை வேவு பார்க்கச் சொன்னது?" என்று என்னிடம் விசாரித்தார். அதற்குப் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள் என்றேன். "பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேள்வி?" என்றார். நீங்கள் "ஹவ் டு யூ டூ" என்று கேட்பதில்லையா என்றேன். "அது கேள்வி இல்லையே" என்றார் ஆச்சரியமாக.

கண் போன சண்டைக்குப் பிறகு கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: இனி துறையிலோ துறைத் தெருவிலோ ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் இரண்டு கூட்டமும் வெளியே. வெளியூர் ஆட்கள் வேலைக்குத் தயாராகப் படகில் காத்திருக்கிறார்கள். செக்ஹோய் சிறையிலிருந்து வந்த அன்று சாயங்காலமே என் மாடிக்கு ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் அவனச் சித்தப்பான்னு தெருவுல கூப்பிட்டா என் ஆளுங்க என்ன விட்டுட்டுப் போயிடுவாங்க. தம்பிக்குக் குனிஞ்ச மேஸ்திரி பின்னால எவன் நிப்பான்? கூப்பிடாட்டி நாளைக்கே அடிதடி. இத்தன வீட்டு அடுப்பும் அணையும்."

"கண்டுக்காமப் போயிடுங்களேன்."

"கண்டுக்காமப் போறதுக்கு அவன் என்ன கம்பமா?" என்று முறைத்தார். பிறகு மெதுவாக, "வாத்தியாரே, அந்தச் செம்பட்டையன் சொல்றான்ல ஒண்ணு. அதுல பெரியவன் யாரு?"

"ரெண்டு பேரும் ஒண்ணுதான். பொழுது நல்ல பொழுதுன்னு சொல்றாங்க."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சாலும் அதேதான்."

"அப்ப பொய்."

"மரியாதை."

"எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரிய வேண்டாமா அதுக்கு?"

"வேண்டாம்."

"கொலைகாரனுக்குச் சொல்லலாமா?"

"தூக்குல போடக் கூட்டிப்போறப்ப வார்டர் சொல்லுவார்னு கேள்வி."

செக்ஹோய் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அருமையான வார்த்தையா இருக்கே. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது எச்சரிக்கை மாதிரி ஒலித்தது.

மறுநாள் காலை நானும் கஞ்சிக்கடையில் இருந்தேன். கிழக்குக் கூட்டம் வந்தது, மேற்குக் கூட்டம் வந்தது. யுன்ஹோ கிண்ணங்களை எடுத்து உள்ளே வைத்தாள். செக்ஹோய் இரண்டடி முன்னால் வந்தார். எல்லோர் கையும் இடுப்புக் கொக்கிக்குப் போனது.

"குட் மார்னிங்" என்றார்.

விங்புய் பின்னால் திரும்பிப் பார்த்தார், ஹென்ஷா நிற்கிறாரோ என்று. யாரும் இல்லை.

"என்னடா சொன்னான்?" என்றான் அவர் ஆள் ஒருவன்.

"நல்ல பொழுதாம்."

"நம்மளயா சொன்னான்?"

"பொழுதச் சொன்னான்டா."

"பொழுதத்தானா? அதுல தப்பில்லையே."

விங்புய்யின் கன்னத்தில் பழைய பல்தடம் துடித்தது. இந்த வார்த்தைக்குள் எங்கே கத்தி ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருப்பார். கிடைக்கவில்லை. "குட் மார்னிங்" என்றார் அவரும். யாரும் யாருக்கும் கீழே போகவில்லை. கூப்பிட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. கொக்கியிலிருந்து கைகள் இறங்கின.

"ரெண்டு தடிமாடும் ஒரே நாள்ல வெள்ளக்காரனாயிடுச்சுங்க" என்று யுன்ஹோ கிண்ணங்களை வெளியே எடுத்து வைத்தாள்.

துறை முழுக்க அது பரவியது. மத்தியானமும் குட் மார்னிங், விளக்கு வைத்த பிறகும் குட் மார்னிங். மூட்டைக்காரர்கள் வேறு இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவில்லை, தேவைப்படவும் இல்லை. எங்கள் ஆட்கள் சுடுநெஞ்சுக்காரர்கள் என்றும், ஆங்கிலேயர்களுடையது ஆளையே பார்க்காத வறட்டு மரியாதை என்றும் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வந்தவன் நான். அந்த வறட்டு மரியாதைதான் எங்கள் தெருவில் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு பாத்திரம் காலியாக இருப்பதை எங்கள் ஆட்களால் பொறுத்துக்கொள்ள முடியாது. சில மாதத்தில் பேச்சு கிளம்பியது: முதலில் சொல்பவன் சின்னவன்தானே? செக்ஹோய்தானே முதல் நாள் முதலில் சொன்னார்? டீக்கடையில் இதைச் சொன்னவனுக்கு இரண்டு பல் போனது. துறைக்கும் தெருவுக்கும் வெளியே என்பதால் கம்பெனி கணக்கில் வரவில்லை. மேஸ்திரிகள் இருவரும் தூது விட்டுப் பேசி ஒரு வழி கண்டார்கள்: காலைச் சங்கு ஊதும்போது இருவரும் ஒரே சமயத்தில் சொல்வது. சங்குச் சத்தத்தில் யார் சொன்னது யாருக்கும் கேட்காது. இருவரும் வாயசைப்பது மட்டும் தெரியும். அதுவே போதுமாயிருந்தது.

ஹென்ஷா இதையெல்லாம் பார்த்துப் பூரித்துப் போனார். காட்டு மனிதர்களை நாகரிகப்படுத்திவிட்டதாக நம்பி மேலிடத்துக்கும் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் ராணிக்கு முடிசூட்டிய நாள் வந்தது. துறை ஓரத்தில் மேடை போட்டுக் கொடி கட்டினார்கள். பித்தளை வாத்தியக்காரர்கள் வந்தார்கள். இரண்டு மேஸ்திரிகளும் மேடையில் கைகுலுக்க வேண்டும், பத்திரிகைக்காரர் படம் எடுப்பார் என்று ஹென்ஷா முடிவு செய்தார். நானும் மேடையில் இருந்தேன்.

எங்களுக்குக் கைகுலுக்கல் என்பது தன் கையைத் தானே பிடித்து ஆட்டுவது. அடுத்தவன் கையைப் பிடிப்பதென்றால் ஒன்று போலீஸ், இல்லையென்றால் வைத்தியர். ஹென்ஷா விங்புய்யைத் தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுத்தார். கையை வாழைப்பழம் மாதிரிக் கொடுக்கக் கூடாது. அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தமாகப் பிடிப்பவன்தான் நேர்மையானவன். கண்ணைப் பார்க்க வேண்டும். நான்தான் மொழிபெயர்த்தேன். விங்புய் ஹென்ஷாவின் கையில் பிடித்துக் காட்டினார். "இன்னும்" என்றார் ஹென்ஷா. இன்னும் அழுத்தினார். "பிரமாதம்!"

படம் எடுக்கும் நேரம் வந்ததும் செக்ஹோய் இடது கையை நீட்டினார். ஹென்ஷா சிரித்து, அதைத் தள்ளிவிட்டு, வலது கையை எடுத்து விங்புய்யின் கைக்குள் வைத்தார்.

விங்புய் அழுத்தினார். கண்ணைப் பார்த்து, ஒரு நேர்மையான மனிதன் எவ்வளவு அழுத்துவானோ அவ்வளவு. வேண்டுமென்றே செய்தாரா? அந்தக் கையை உடைத்ததே அவர்தான், எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் அவர் பார்வை நடுவில் ஹென்ஷா பக்கம் போனது. சரியாகச் செய்கிறேனா என்று கேட்கும் மாணவனின் பார்வை அது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன. நான் அருகில் நின்றவன். இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செக்ஹோயின் உதடு வெளுத்தது. கையை இழுத்தார், வரவில்லை. ஒரு முழங்கால் மடங்கியது. பலகையில் டொக்கென்று இடித்தது. அடுத்த முழங்காலும் மடங்கியது.

கொடிக்கம்பத்துக்குக் கீழே, இரண்டு கூட்டமும் பார்க்க, செக்ஹோய் விங்புய் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

வாத்தியம் நின்றுபோனது. பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். விங்புய்யின் ஆட்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "பாத்துக்குங்கடா! மவன் சித்தப்பன் கால்ல விழுந்து கும்பிட்டுட்டாரு!"

சிரிப்பு எழுந்தது. செக்ஹோய் மண்டியிட்ட இடத்திலிருந்து அப்படியே எழும்பினார், தலை முன்னால். மண்டை விங்புய்யின் தாடையில் போய் இடித்தது. விங்புய்யின் கை விட்டது, கால் பின்னால் போனது. ஒரு அடி, இரண்டு அடி. மேடையின் விளிம்பில் கொடித்துணி சுற்றியிருந்தது. அதற்குக் கீழே பலகை இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். இல்லை. துறைச் சுவருக்கும் சரக்குத் தோணிக்கும் நடுவில் விழுந்தார். விழுந்தவர் தோணியின் விளிம்பைப் பிடித்தார். தலை மேலே வந்தது. செக்ஹோயைப் பார்த்து எதற்கோ வாயைத் திறந்தார். அப்போது ஒரு நீராவிக் கப்பல் கடந்து போன அலை வந்து தோணியைத் தூக்கிச் சுவரோடு சேர்த்தது. அவ்வளவு பெரிய தோணி, அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது. அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு கொக்கிகள். இத்தனை காலமாகச் சங்குக்குள் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கொடிக்கம்பத்தைப் பிடுங்கி ஒருவன் இன்னொருவன் வயிற்றில் குத்தினான். பெரிய பித்தளை வாத்தியத்தை ஒருவன் தலையில் கவிழ்த்து வெளியிலிருந்து அடித்தார்கள். ஹென்ஷா நடுவில் நின்று "ஜென்டில்மென்! ஜென்டில்மென்!" என்று கத்திக்கொண்டிருந்தார், ஒரு கா கம்பு அவர் தோள்பட்டையை இறக்கும்வரை. போலீஸ் வந்து சுட்டபோது மேடைப் பலகையில் ரத்தத்தில் கால் வழுக்கியது. செக்ஹோய் மட்டும் அடிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யார் யாரோ அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போனது. மொழிபெயர்க்க என்னையே அழைத்தார்கள். நீதிபதி கேட்டார்: "இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

நான் கேட்டேன். செக்ஹோய் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா என்றால், சித்தப்பனைக் கொன்றவன். எங்களில் அதைவிடக் கீழான பிறவி கிடையாது. தம்பி என்றால், சத்தியம் செய்துகொடுத்த தம்பியைக் கொன்றவன். குவான் தெய்வத்தின் வாள் அதற்கென்றே இருக்கிறது. மூன்று முறை கேட்டேன். கடைசியில் நீதிபதி சலித்துப்போய், "உறவு எதுவும் இல்லை என்று பதிந்துகொள்ளுங்கள்" என்றார். செக்ஹோயும் விங்புய்யும் சேர்ந்து மறுத்திருக்கக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான். கொலை அல்ல, கைப்பிசகாக நேர்ந்த சாவு என்று தீர்ப்பாகி ஸ்டான்லி சிறைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு கூட்டத்தையும் துறையை விட்டு வெளியேற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். குலமன்றமும் வாடகை கட்டமுடியாமல் மூடியது. பெயர்ப்பலகைகளை யாரோ மூட்டை கட்டி எடுத்துப்போனார்கள். துறையும் இல்லை, ஊரும் இல்லை. படிக்கட்டு மட்டும் இருந்தது. யுன்ஹோவின் கஞ்சிக்கடையும் இருந்தது.

செக்ஹோய் வெளியே வந்தபோது தலையில் முடி இல்லை. காய்கறிச் சந்தையில் தள்ளுவண்டி இழுக்கப் போனார். தெருவில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. முறை வைத்துக் கூப்பிட யாரும் இல்லை. முதல் நாள் காலையிலேயே கஞ்சிக்கடை முன்னால் வந்து நின்றார்.

"சித்தி" என்றார்.

விங்புய்யின் விதவை, அவரைவிட மிகவும் இளையவள். நிமிராமல் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சித்தி."

கொதிக்கும் கஞ்சியை அகப்பையோடு அள்ளி அவர் மார்பில் வீசினாள். சட்டையோடு தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் குனிந்துவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாளும் வந்தார். "சித்தி" என்றார். மாவு உருட்டும் கட்டை வந்தது. அதற்கு மறுநாள் முக்காலி. மழை நாளில் குடைக்கம்பு. ஒருமுறை போலீஸ்காரர் உள்ளே நுழைந்தார்.

"ஏம்மா, தினமும் இந்த ஆளு வந்து தொந்தரவு பண்றானா?"

"எங்க முறைக்காரங்க விவகாரம். உனக்குக் கஞ்சி வேணுமா, வேண்டாமா?"

தெருவில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. அவள் பதில் சொல்லாமல் அவமானப்படுத்துகிறாள் என்றது ஒரு கட்சி. கன்னத்தில் ஓட்டை விழுந்த பழைய மூட்டைக்காரன் மறுத்தான்: "கூப்பிட்டுப் பதில் வராட்டித்தான்யா அவமானம். அவருக்குத்தான் தினமும் வருதே, மண்டையில!" ஓட்டை வழியாகக் காற்றுப் போக அவனே சிரித்தான்.

ஒருநாள் அவரை வழியில் நிறுத்திக் கேட்டேன். "அன்னிக்குக் கோர்ட்டுல கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே."

"அங்க சொன்னா நீதிபதிக்குச் சொன்ன மாதிரி. அவரு எனக்கு என்ன முறை?"

"துறையில அண்ணன் நீங்கன்னு எத்தனை மண்டைய உடைச்சீங்க."

"தொற எங்க இருக்கு, காட்டு" என்றார். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கடைசியாகக் கூட இருந்து பார்த்த காலையில் கடையில் நல்ல கூட்டம். செக்ஹோய் வந்து "சித்தி" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். இரண்டு புதிய ஆட்கள் மிரண்டு எழுந்தே போய்விட்டார்கள். யுன்ஹோ இரும்புக் கரண்டியை எறிந்தாள். வாயில் பட்டது. ரத்தம் மோவாயில் வழிய, செக்ஹோய் சாக்கடை ஓரம் உட்கார்ந்து பல்லைத் தேடினார்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, புகையிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "நாளையிலேருந்து வெள்ளன வா. சாப்பிடுற நேரத்துல வந்து நின்னா எனக்கு யாவாரம் கெடுது."

"எப்ப வரட்டும், சித்தி?"

"அடுப்பு பத்தவைக்கிறப்ப."

செக்ஹோய் பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரண்டியைப் பொறுக்கி, குழாயில் கழுவி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.